ஆக்கும் என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

1

தம்பி பிஜு செத்து இரண்டு வருடம் ஆனது போன செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நான் லீவு போடவில்லை. போட்டிருந்தால் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. வழக்கமான ரயிலில் போனேன். வழக்கமான வாசலில் பையைத் திறந்து காட்டினேன். மேசையில் உட்கார்ந்து அடைப்புக்குறி போட ஆரம்பித்தேன்.

என் வேலை அதுதான். உலக நாடுகள் கூடிப் பேசும் சபையில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். எந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு நாடு ஒப்புக்கொள்ளவில்லையோ, அதன் இரண்டு பக்கமும் சதுர அடைப்பு போட வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டால் எடுத்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. போட்டதற்கு எண்ணிக்கை கிடையாது. எடுத்ததையெல்லாம் இப்போதும் ஞாபகமாகச் சொல்லிவிடுவேன்.

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலைக்காரி இங்கே எப்படி வந்தாள் என்று கேட்பவர்களுக்கு: நெய்யாற்றின்கரையில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தேன், டெல்லியில் ஒரு வேலை கிடைத்தது, அங்கிருந்து ஒரு பரீட்சை எழுதினேன். அவ்வளவுதான். பெரிய கதை ஒன்றும் இல்லை.

எந்தச் சபை, எந்த நாடு என்று பெயர் போட்டு எழுத மாட்டேன். வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் அப்படி இருக்கிறது. உங்களுக்கே தெரியும். பெரிய நாடு என்றே எழுதிவிட்டுப் போகிறேன். சபைக் கட்டடம் நிற்பதே அந்தப் பெரிய நாட்டு மண்ணில்தான். சம்பளம் வாங்குவது எல்லா நாட்டுக்கும் பொதுவான சபையில், பால் வாங்குவது பெரிய நாட்டுக் கடையில். என் மகள் அனு இங்கே பிறந்தவள், அதனால் அவள் பெரிய நாட்டுக் குடிமகள். எனக்கு விசா.

2

பிஜு பட்டாளத்தில் இருந்தான். சபை அனுப்பும் அமைதிப்படைக்கு நம் நாட்டிலிருந்து ஆள் எடுத்தபோது அவனும் போனான். எங்கோ ஒரு மணல் நாட்டில், சண்டை போடும் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு காவல் போஸ்ட். நீலத் தொப்பி போட்டுக்கொண்டு யார் யாரைச் சுடுகிறார்கள் என்று எழுதி வைப்பது வேலை. நானும் அவனும் ஒரே சபைக்குத்தான் வேலை பார்த்தோம். அவன் எழுதி அனுப்புவது என்றாவது சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வரும் என்று கேலி பேசிக்கொள்வோம்.

ஒரு நாள் காலை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். அதை இப்போது மனப்பாடமாகச் சொல்வேன்.

"எக்கா, மூணு நாளா ஒரு சாதனம் மேல சுத்தீட்டே நிக்குது. ஆள் இல்லாத விமானம். அவங்களுக்கது ஆக்கும். எழுதி வச்சாச்சு. நீ ஷைலாட்ட சொல்லாண்டாம், அவ பேடிப்பா. அடுத்த மாசம் லீவுல வாறேன்."

அவங்க என்றது பெரிய நாட்டை. அதற்கு முந்தைய குரலில் பெயர் சொல்லியே பேசியிருந்தான். அன்றைக்கு மத்தியானம் அந்தப் போஸ்ட்டின் மேல் வானத்திலிருந்து ஒன்று விழுந்தது. மூன்று பேர் போனார்கள். எழுதி வைத்த பதிவேடும் அவர்களோடு எரிந்துபோனது. எங்களுடையது இல்லை என்று பெரிய நாடு சொன்னது. சண்டை போடும் கூட்டத்தில் யாராவது செய்திருப்பார்கள் என்றது.

ஷைலா பிஜுவின் மனைவி. பனச்சமூட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடை தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில், நடுவில் ஒரு ரோடு. நான் ஊருக்குப் போயிருந்தபோது, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, அடுக்களையில் நின்று ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள்.

"எக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஆரு செய்ததுன்னு ஒரு தாள்ல எழுதித் தரணும். நீங்க அங்கதானே இருக்கிய."

நான் அங்கேதானே இருக்கிறேன். சரி என்று சொன்னேன்.

3

சபை தனக்குள்ளேயே ஒரு விசாரணைக் குழு வைத்தது, அதற்கு அந்தக் குரலையும் முந்தையதையும் நான்தான் கொடுத்தேன். மொழிபெயர்க்க என்னை விடவில்லை. செத்தவனின் அக்கா என்பதால் அது முறையல்ல. நியாயம்தான். வெளியிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினார்கள்.

பதினான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மற்ற எல்லோருக்கும் போலத்தான் எனக்கும் வந்தது. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் தம்பியின் குரல் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று நாளாகச் சுற்றுகிறது, சரி. ஆளில்லாத விமானம், சரி. அதற்கடுத்து, "அவர்களுடையதாக இருக்கலாம்" என்று இருந்தது. இருக்கலாம். அதன் கீழே, பறந்தது யாருடையது என்பதில் நேரில் கண்ட ஒரே சாட்சிக்கும் உறுதியில்லை, ஆகவே காரணம் தீர்மானிக்கப்படவில்லை என்று முடித்திருந்தார்கள்.

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஆக்கும் என்றால் நிச்சயம். "இது எனக்க வீடு ஆக்கும்" என்றால், இது என் வீடுதான், வேறு பேச்சு வேண்டாம் என்று அர்த்தம். காவிரிப் பக்கம் போனால் அதே சொல் சந்தேகமாகிவிடுகிறது. வந்துட்டான் ஆக்கும் என்றால், வந்திருப்பான் போல. என் கணவர் குளித்தலைக்காரர். அவர் வாயில் அது கிண்டலாகவும் வரும். பெரிய ராணியாக்கும் என்பார். எங்கள் வீட்டுத் தமிழ் அவர் தமிழ்தான். கல்யாணம் ஆன புதிதில் நான் ஆக்கும் ஆக்கும் என்று பேச, என்ன எல்லாத்தையும் சந்தேகமாவே சொல்ற என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு நானும் மாற்றிக்கொண்டேன். இருபது வருடத்தில் நாக்கு அவர் ஊருக்குக் குடிபோய்விட்டது.

4

மொழிபெயர்த்தவர் ராகவன் என்று ஒருவர். கும்பகோணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். விசாரித்துக் கண்டுபிடித்துக் கேன்டீனுக்கு வரச் சொன்னேன். சண்டை போடத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க ஊர்ல அப்படிச் சொன்னா சந்தேகம்தாம்மா. நான் அகராதியும் பார்த்தேன், அதுவும் அப்படித்தான் சொல்றது. ரெண்டாவது அர்த்தம் இருக்குமோன்னு எனக்குத் தோணவே இல்லை. தப்பு என்னோடது. எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

இப்படிச் சொல்லும் மனிதனிடம் என்ன சண்டை போடுவது? அவருக்கு இன்னொரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

திருத்தம் கேட்கத் தனிப் படிவம் உண்டு. அதை எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பத் தெரியும், எத்தனையோ பேருக்கு நிரப்பியிருக்கிறேன். ஆனால் அகராதிக்கு எதிராகத் திருத்தம் கேட்டால், அந்தப் பேச்சைப் பேசும் ஆறு பேருடைய குரல் வேண்டுமாம், விலாசத்தோடு. ஷைலாவிடம் சொன்னேன். அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு பனச்சமூடு பஸ் ஸ்டாப்புக்குப் போனோடு போய்விட்டாள்.

மறுநாள் வந்த குரல்களை ராகவனும் நானும் உட்கார்ந்து கேட்டோம். ஒரு ஆட்டோக்காரர், "எனக்க பேரு சுகுமாரன் ஆக்கும், இது எனக்க வண்டி ஆக்கும்" என்றார். கோட்டுகாலிலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அம்மா, "இது இன்னைக்குப் பிடிச்ச சாள ஆக்கும், பழசு இல்ல" என்று அதட்டினாள். கள்ளிக்காட்டு வாத்தியார் ஒருவர் தான் வாத்தியார் ஆக்கும் என்றார். கடைசியில் ஒருவர், "நான் இவளுக்க மாப்பிள ஆக்கும்" என்றார், பின்னால் ஒரு பெண் சிரிக்கும் சத்தம். ராகவன் மொழிபெயர்ப்பின்படி பார்த்தால் இவர்கள் யாருக்கும் தன் பேரோ, மீனோ, பெண்டாட்டியோ உறுதியில்லை. ராகவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, ஸாரிம்மா என்றார்.

படிவம் ஒரு முறை திரும்பி வந்தது. இந்தப் பேச்சு எந்த மாநிலத்தில் பேசப்படுகிறது என்ற கட்டத்தில் நான் இரண்டு மாநிலம் போட்டிருந்தேன். ஒன்றைத்தான் போட வேண்டுமாம். ஆறு பேரில் மூன்று பேர் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசியவர்கள், மூன்று பேர் அந்தப் பக்கம். மூன்று பேரின் விலாசம் கேரளம் என்பதால் அவர்கள் தமிழ் பேசுவதற்கு விளக்கமும் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். நாங்கள் அங்கே ராஜா காலத்துக்கு முந்தியே இருக்கிறோம், கோடு பிறகு வந்தது என்று எழுதினேன். ராகவன் நான்கு பக்கக் கடிதம் வைத்தார்.

ஐந்து மாதத்தில் திருத்தம் வந்தது. ஒரே ஒரு தாள். இன்ன பக்கத்தில் இன்ன வரியில் 'அவர்களுடையதாக இருக்கலாம்' என்பதை 'நிச்சயமாக அவர்களுடையது' என்று படிக்கவும். அதைப் படமெடுத்து ஷைலாவுக்கு அனுப்பினேன். அவள் அதைக் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

5

இதற்கு நடுவில் அனுவின் பள்ளிக்கூடத்தில் சபை மாதிரி ஒரு போட்டி நடத்தினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அனுவுக்குப் பெரிய நாடு விழுந்தது. நானும் கணவரும் போய் உட்கார்ந்திருந்தோம். ஏதோ ஒரு தீர்மானம், எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்ப்பு உண்டா என்று கேட்டதும் என் மகள் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். பெரிய நாட்டுக்கு வீட்டோ உண்டு, அந்த ஒரு கையிலேயே தீர்மானம் விழுந்தது. கைதட்டினார்கள்.

காரில் வரும்போது ஏன் எதிர்த்தாய் என்று கேட்டேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் ரூல் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அது சரியா என்றேன். பெரிய நாட்டைக் கட்டிப் போட்டால் அது எழுந்து வெளியே போய்விடும், பிறகு சபையே இருக்காது, டீச்சர் அப்படித்தான் விளக்கினார் என்றாள். பிறகு தமிழில், "அம்மாவுக்கு எல்லாம் தெரியுமாக்கும்" என்றாள், அவள் அப்பாவின் ஆக்கும்.

பதினாறு வயதுப் பெண். மாமாவை மூன்று தடவை பார்த்திருப்பாள். மாமா எப்படிச் செத்தார் என்று தெரியும், யார் என்ற கேள்வி அவளிடம் வந்ததில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அவள் பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை எந்த நாட்டினுடையது என்பதை நினைத்துக்கொண்டு எதையும் அவளுக்கு விளக்க எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு அவள் நன்றாகப் பேசினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

6

டீச்சர் சொன்னது என் குழுவிலும் பதினாறு வருடமாகச் சொல்லப்படுவதுதான். சபையைத் திருத்தி அமைக்க என்று ஒரு குழு இருக்கிறது. அதன் தாள்கள்தான் என் மேசையில் இருக்கின்றன. அதில் மூன்று வாக்கியம் உண்டு. வழக்கில் சம்பந்தப்பட்ட நாடு அந்த வழக்கில் வாக்களிக்கக் கூடாது. ஒரே நாட்டின் வீட்டோவால் தீர்மானம் விழக் கூடாது, குறைந்தது இரண்டு நாடாவது எதிர்க்க வேண்டும். அமைதிப்படை ஆள் செத்தால் யார் வாக்கும் தேவையில்லாமல் விசாரணை தானாகத் தொடங்க வேண்டும். மூன்றும் நான் சேர்ந்த வருடத்திலிருந்து சதுர அடைப்புக்குள் இருக்கின்றன. ஒரு தீவு நாட்டு அம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் அடைப்பை எடுக்கச் சொல்வார். பெரிய நாட்டுப் பிரதிநிதி நன்றி தெரிவித்துவிட்டு, இருக்கட்டும் என்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தாள் கட்டோடு நான் வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தம்பி விஷயம் தெரிந்ததும் மேசைக்கு வந்து வருத்தம் தெரிவித்தவரும் அவர்தான்.

பனச்சமூட்டில் ரெண்டு பேர் அடித்துக்கொண்டால், அடித்தவன் முதலில் ரோட்டைத் தாண்டத்தான் பார்ப்பான். அந்தப் பக்கம் வேறு போலீஸ், வேறு கோர்ட். அதில் ஒரு பயமாவது இருக்கிறது, ஓட வேண்டியிருக்கிறது. பெரிய நாட்டுக்கு ஓட வேண்டிய தேவையே இல்லை. அடிபட்டவன் புகார் கொடுக்கப் போகும் ஸ்டேஷனில் அவர்களும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்து மற்றவர்கள் அவர்களுக்கு விசிறிக்கொண்டிருக்கிறார்கள். போனால் போகட்டும் என்று ஒரு நாளாவது சொல்லிப் பார்க்கலாம். சொல்ல வேண்டியவள் நான் இல்லை, நான் டைப் அடிப்பவள்.

திருத்தம் வந்த பிறகு, சாட்சி உறுதியாகிவிட்டதால், யார் செய்தது என்று தீர்மானித்துச் சொல்லச் சுதந்திரமான விசாரணை வேண்டுமென்று சில சின்ன நாடுகள் தீர்மானம் கொண்டுவந்தன. மூன்று வாரத்துக்கு முன்னால் வாக்கெடுப்பு. எங்கள் பிரிவில் இருக்கும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ராகவனும் வந்து பக்கத்தில் நின்றார். ஆதரவு என்றதும் வரிசையாகக் கைகளைத் தூக்கினார்கள். எதிர்ப்பு என்றதும் ஒரு கை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அதே கை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு பேர் குரல், நான்கு பக்கக் கடிதம், ஐந்து மாதம், எல்லாம் அந்தக் கை இறங்குவதற்குள் முடிந்தது.

தீர்மானத்தின் முதல் பக்கத்தில் 'நிறைவேறவில்லை' என்று அடித்துக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

7

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊரில் இருட்டத் தொடங்கும் நேரம், ஷைலா கூப்பிட்டாள். காலையில் நெய்யாற்றில் திதிக்குப் பலி போட்டாச்சு, உச்சைக்குப் பிறகு கடை திறந்தேன், இப்போ கடையில்தான் இருக்கேன் என்றாள். மெஷின் சத்தம் கேட்டது. யாரோ பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்பு விஷயத்தை அவளிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

மெஷின் நின்றது. எத்தனை பேர் வேண்டாம்னு சொன்னது என்று கேட்டாள். ஒரு நாடு என்றேன். ஒற்றக் கையா என்றாள். ஆமாம் என்றேன். அந்த ஒற்றக் கை ஆருக்க கை என்று கேட்டாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் அழவில்லை. நானும் இல்லை. இப்படி ஒரு சட்டம் உண்டா, செய்தவனே வேண்டாம்னு சொன்னா விட்டிருவாங்களா என்று மெதுவாகக் கேட்டாள். உண்டு என்றேன். அதை மாற்றத்தான் ஒரு குழு இருக்கிறது, நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன் என்றேன். அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்லவில்லை.

"மாத்துவாங்களா எக்கா? நீங்க உள்ளதைச் சொல்லணும்."

என் மேசையில் அந்த மூன்று வாக்கியமும் இருந்தன. அடைப்பின் இரண்டு முனையும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய நாட்டுக் கொடி ஒரு கட்டடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு வாய் தானாகச் சொன்னது.

"மாத்துவாங்க ஆக்கும்."

குளித்தலையில் இருபது வருடம் குடியிருந்த நாக்கு அது. மாத்துவாங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும், அதுதான் நான் சொன்னது. ராகவன் கேட்டிருந்தால் சரியாக மொழிபெயர்த்திருப்பார்.

அந்தப் பக்கம் ஷைலா நிம்மதியாக மூச்சு விட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கடையில் இருந்தவர்களிடம் அவள் எங்கள் ஊர் நிச்சயத்தோடு சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அக்கா சொல்லியாச்சு. மாத்துவாங்க ஆக்கும்."

திரும்ப என்னிடம் வந்து, "மதி எக்கா. அது மதி, அதுவே போதும். அவருக்கு இல்லேன்னாலும் இனி வாறவங்களுக்கு உண்டுல்லா" என்றாள். மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

திருத்தம் கேட்கும் படிவம் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று இந்தக் கட்டடத்தில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. ஷைலா, நன்றாக இருக்கிறீர்களா, அனு எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.